நாற்பத்திரண்டு கைகள்

தொங் யாலான் அந்தப் பாடத்தை அதே வகுப்புக்கு ஆறு தடவை நடத்திவிட்டாள். ஏழாவது தடவை இன்று காலை பத்து மணிக்கு, ஆசிரியர் போட்டியின் மூன்று நடுவர்களுக்கு முன்னால். முதல் பரிசு கிடைத்தால் லான்ஜோ நகரப் பள்ளிக்கு மாற்றல். அங்கேதான் கணவன் ஹாவ்மினும் நான்கு வயது மகளும் இருந்தார்கள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். போன வாரம் போனில் மகள் அவளை "ஆன்ட்டி" என்றாள். அப்பா திருத்திய பிறகுதான் "அம்மா" வந்தது.

பாடம் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்: டேம் (tame). சிங்கத்தைப் பழக்குவது, குதிரையை வழிக்குக் கொண்டுவருவது, புரண்டோடும் ஆற்றைக் கட்டுக்குள் வைப்பது, பறக்கும் தலைமுடியைப் படிய வாருவது, சொந்தக் கோபத்தை அடக்குவது. ஐந்துக்கும் ஐந்து படம். சீனத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் இருப்பதால் பிள்ளைகள் தடுமாறும் இடமும் அதுதான். கடைசியில் அவர்களே வாக்கியம் அமைக்க வேண்டும்.

அதற்காகத்தான் கை ஏற்பாடு. முழங்கையை மேசையில் ஊன்றி எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. பார்ப்பவர்களுக்கு வகுப்பே துடிப்பாகத் தெரியும். அந்த ஊரில் இதைச் செய்யாத ஆசிரியர் கிடையாது. கரும்பலகை அருகே நின்றால் பிள்ளைகளின் வலது கை அவளுக்கு இடப்பக்கம் தெரியும். ஆறு தடவையில் அது கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது.

பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது பள்ளியின் துணை முதல்வர் கோ வந்து நின்றார்.

"யாலான், பலகையோட ஒட்டிக்கிட்டு நிக்காதம்மா. பிள்ளைங்க நடுவுல நட. போன வருஷம் ஜெயிச்சவ ஒரு இடத்துல நிக்கவே இல்ல."

"இப்ப வந்து சொல்றீங்களே சார்."

"நடக்கறதுக்குமா ஒத்திகை? அப்புறம் அந்த மூ சியாவ்தோங். லைப்ரரில உக்கார வைன்னு சொன்னேனே."

"இருந்துட்டுப் போறா சார். பேசாம இருக்கேன்னு சொல்லியிருக்கா."

"மனசுல வர்றத அப்படியே கொட்டுற பொண்ணு அது. சொல்லிட்டேன், அப்புறம் உன் பாடு."

பாடம் ஆரம்பித்தது. சிங்கமும் குதிரையும் பிசகின்றி நகர்ந்தன. ஆற்றுப் படம் வந்தபோது நடுவர்களில் மூத்தவரான லியாவ் அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று யாலானுக்குத் தெரியவில்லை. நட, நட என்று கோ சொன்னது காதுக்குள் ஓடியது. நடந்தாள். கடைசி வரிசைக்குப் பின்னால், நடுவர்களை ஒட்டிப் போய் நின்றுகொண்டு, "யார் சொந்தமா ஒரு வாக்கியம் சொல்றீங்க?" என்றாள்.

நாற்பத்திரண்டு கைகளும் எழுந்தன. பழகிய கண் இடப்பக்கக் கை ஒன்றைத் தேடிப் பிடித்தது. பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம் தெரிவது இடது கைதான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"நீ சொல்லும்மா."

எழுந்து திரும்பியவள் சியாவ்தோங். அவள் தன் கையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் இடது கை தூக்கியிருக்கேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. லியாவ் அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

"இடது கைன்னா என்னம்மா?"

சியாவ்தோங் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் வகுப்புத் தலைவி ஷெங் ரூயி எழுந்துவிட்டாள். "மேடம், அவளுக்கு இடது கைப் பழக்கம். எழுதறதும் அதுலதான். வலது கையால எழுதிப் பழகறேன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருந்தா. அதான் பயந்துட்டா."

கொஞ்சமும் தடங்கல் இல்லாத பொய். அப்படியா என்று அம்மையார் வகுப்பைப் பார்த்தார். நாற்பது தலைகளும் ஒரே சமயத்தில் ஆடின. யாரும் சொல்லித்தராமல், ஒத்திகை பார்க்காமல், அத்தனை பேரும். சியாவ்தோங்கின் தலைகூடக் கொஞ்சம் தாமதமாக அசைந்தது. யாலானின் கண் அந்தக் கடைசித் தலையிலேயே நின்றது; மனசில் வருவதை அப்படியே கொட்டுகிற பெண்ணும் பொய்க்குத் தலையாட்டிவிட்டாள். பேசாமல் இருந்தால் போதும், எட்டு நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

"இல்ல மேடம்," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. "அவ வலது கையிலதான் எழுதுவா. தெரியாதவங்க இடது கை தூக்கணும்கிறது நான் பண்ணின ஏற்பாடு. பிள்ளைங்க மேல தப்பில்ல."

வாசலில் நின்ற கோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மையார் பேனாவை எடுத்து நீளமாக ஏதோ எழுதினார். மீதி எட்டு நிமிடமும் யாலான் பாடம் நடத்தினாள். என்ன நடத்தினாள் என்று பிறகு நினைவில்லை.

நடுவர்கள் போனதும் ஷெங் ரூயி மேசையருகே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏன் டீச்சர் சொன்னீங்க? நாங்கதான் சமாளிச்சுட்டோமே. எல்லாரும் தலையாட்டினோமே."

"ஆட்டினீங்க," என்றாள் யாலான். "போய்ச் சாப்பிடு. மணியாச்சு."

படிக்கட்டுக்குக் கீழே நின்று ஹாவ்மினைப் போனில் கூப்பிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"இந்த வருஷம் இல்லங்க."

"முடிவே இன்னும் வரலையே. அதுக்குள்ள?"

"வரும். இல்லன்னுதான் வரும்." நடந்ததைச் சொன்னாள்.

பின்னணியில் பாத்திரச் சத்தம் கேட்டது. "நாங்க இங்க நாளை எண்ணிக்கிட்டு இருக்கோம், யாலான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவன் போனை வைக்கவில்லை. "இரு, அவ பேசணுமாம்," என்று போனைக் கைமாற்றினான். யாலான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மகள் தன்னை என்னவென்று கூப்பிடப்போகிறாள் என்று காத்திருந்தாள்.