உப்புத் தண்ணீர்ப் பள்ளிக்கூடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். முப்பது வருஷமாக இதை ஒரு வேடிக்கைச் சம்பவமாகச் சொல்லி வந்திருக்கிறேன். கல்யாண வீடுகளில், ஆபீசில், ஒருமுறை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பஸ் வராத நேரத்தில். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னதெல்லாம் பாதிதான். மீதிப் பாதியை எழுத இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கதையில் வரும் பெண்ணுக்குப் பொன்னழகு என்று பெயர். அது நான்தான். 'நான்' என்று எழுதினால் கை ஓட மாட்டேன் என்கிறது. அவ்வளவு வெட்கமாக இருக்கிறது. 'அவள்' என்று எழுதினால் நடுநடுவே அவளைத் திட்டவாவது செய்யலாம்.

2

முதல் தொடக்கம்: "1958 வைகாசியில், அகரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு மாட்டுவண்டி மெல்ல…"

(வேண்டாம். வண்டி, மூட்டை முடிச்சு என்றெல்லாம் எழுதினால் நீங்கள் அந்தப் பெண் மேல் இரக்கப்படுவீர்கள். அவளுக்கு அது ஆகாது.)

இரண்டாம் தொடக்கம்: "கல்வியின் அருமை அறிந்த உழவர் உடையப்பன், தன் ஒரே மகளை…"

(பச்சைப் பொய். உடையப்பனுக்குக் கல்வியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தண்ணீரைப் பற்றித்தான் தெரியும்.)

சரி, சாதாரணமாகவே தொடங்குகிறேன். பாகப்பிரிவினையில் நிலம் உடையப்பனின் அண்ணன் கைக்குப் போனது. உடையப்பன், மனைவி ஒச்சம்மாளையும் மகளையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் நாகல் நகருக்குக் குடிவந்தார். புகையிலைக் கிட்டங்கியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. பொன்னழகு அப்போதுதான் எட்டாவது தேறியிருந்தாள். நாலாம் பாரத்தில் சேர வேண்டும். போய்வரக்கூடிய தூரத்தில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள். ஒன்று ஓட்டுக் கட்டடம், கிட்டங்கிக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்னொன்று மாடிக் கட்டடம், ஒரு மைல் நடை.

அவளுக்கு மாடிப் பள்ளிதான் வேண்டும். அங்கே விஞ்ஞானக் கூடம் இருந்ததால் (இதை அடித்துவிடுகிறேன்) அங்கே படித்த பெண்கள் இரட்டைச் சடை போட்டு, ரெட்டை ரிப்பன் கட்டி, காலில் செருப்போடு நடந்து போனார்கள். அவ்வளவுதான் காரணம்.

3

அகரத்தில் யாராவது நிலம் பார்க்கப் போனால், விலை பேசுவதற்கு முன்னால் கிணற்றில் ஒரு வாளி இறைப்பார்கள். ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்திப் பார்ப்பார்கள். பெண் கொடுக்கப் போகிற ஊரிலும் அப்படித்தான். தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் மேற்கொண்டு பேச்சே கிடையாது.* உடையப்பனுக்கு வேறு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரியாது. முதல் நாள் ஓட்டுப் பள்ளிக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். "கல்கண்டு கெட்டுது போ" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். மறுநாள் மகளோடு மாடிப் பள்ளி.

அங்கே அலுவலக அறையில் கிளார்க் கஸ்பார் சார் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"செத்த இருங்க சார். தண்ணியப் பாத்துட்டு வாரேன்" என்று உடையப்பன் கொல்லைப் பக்கம் போனார். ஜன்னல் வழியே எல்லாரும் பார்த்தார்கள். வாளியை இறைத்தார். ஒரு வாய் எடுத்தார், கண்ணை மூடினார், பிறகு தூ என்று துப்பினார்.

"கரிக்குது சார். இம்புட்டு உப்பத் தின்னுக்கிட்டு புள்ளைக சாயங்காலம் வரைக்கும் எப்பிடி இருக்கும்?"

"ஏம்ப்பா, நீ பிள்ளையச் சேர்க்க வந்தியா, கத்திரி நட வந்தியா?" என்றார் கஸ்பார் சார்.

சிரித்தார்கள். இந்த இடத்தில்தான் எப்போதும் நான் கதையை முடிப்பேன்.

* அடிக்குறிப்பு: இந்தப் பழக்கத்தை விளக்கிச் சொன்னால் அவர் செய்ததில் வேடிக்கை ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். அதனால் நான் இதுவரை யாரிடமும் விளக்கியதில்லை.

4

யார் சிரித்தார்கள்?

முதல் பிரதியில் "கஸ்பார் சார் சிரித்தார்" என்று எழுதினேன். இரண்டாம் பிரதியில் "அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்." உண்மை இதுதான்: கஸ்பார் சார் லேசாகத்தான் சிரித்தார், கெட்ட மனுஷரும் இல்லை. சத்தம் போட்டுச் சிரித்தது பொன்னழகு. தானும் அந்த மேசைக்கு அந்தப் பக்கத்து ஆள்தான் என்று காட்டுவதற்காகச் சிரித்தாள். கேடுகெட்ட சிரிப்பு.

உடையப்பன் மகளைப் பார்த்தார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"ஒனக்கு இதுதேன் பிடிச்சிருக்காத்தா?"

அவள் தலையாட்டினாள்.

"அப்பச் சரி. சார், எங்க கையெழுத்துப் போடணும்?"

5

பள்ளி திறந்த முதல் நாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. பொன்னழகு மாடி வராந்தாவில் நின்றாள். பக்கத்தில் சகாயராணி, அன்றைக்குக் காலையில் கிடைத்த சிநேகிதி. ரெட்டை ரிப்பன்.

"வாசல் கேட்டுப் பக்கம் ஒருத்தர் நிக்கிறாரு பாரு. யாரையோ தேடுறாரு."

மூட்டை தூக்குகிற ஆட்கள் தலையில் போடும் சாக்கை மடித்துத் தோளில் போட்டிருந்தார். கையில் தூக்குவாளி. கிட்டங்கியில் ஒன்றரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓட்டுப் பள்ளிக் கிணற்றில் தண்ணீர் வாங்கி, வெயிலில் ஒரு மைல் நடந்து வந்திருந்தார். இது எனக்கு ஒச்சம்மாள் ரொம்பக் காலம் கழித்துச் சொன்னது. ஆனால் தூக்குவாளியைப் பார்த்ததுமே பொன்னழகுக்குப் புரிந்துவிட்டது.

"வெயிலா இருக்குல்ல, உள்ள போவமா" என்றாள் சகாயராணியிடம். உள்ளே பானைத் தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்தாள். கரித்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தபோது ஜன்னல் வழியே பார்த்தாள். அப்போதும் நின்றுகொண்டிருந்தார். பிறகு பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒச்சம்மாள் கேட்டாள்: "ஏண்டி, அய்யா கொண்டாந்த தண்ணி பத்துச்சா?"

அடுப்புப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உடையப்பன் தலை நிமிராமல் சொன்னார்: "பூராத்தையும் குடிச்சிருச்சு. நாளையிலருந்து வேண்டாமாம். அங்ஙனயே நல்ல தண்ணி கெடைக்குதாம்."

6

தூக்குவாளி காலியாகத்தான் வீடு வந்தது. அதைக் கழுவிக் கவிழ்த்தவள் பொன்னழகு. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போனது?

(அ) திரும்பும் வழியில் அவரே குடித்தார்.

(ஆ) ரோட்டோரத்தில் வெயிலில் கிடந்த யாரோ ஒருவருக்கு ஊற்றினார். (இதை எழுதியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

(இ) கிட்டங்கி வாசல் வந்ததும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு

முடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவர் உயிரோடு இருந்தார். தினமும் ஒரு வேளையாவது எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு கேள்வி கேட்க எத்தனை நேரம் ஆகும்? நான் கேட்கவில்லை. கேட்டால், நான் பார்த்தும் இறங்கி வரவில்லை என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். அவருக்கு அது அன்றைக்கே தெரியும் என்பது இப்போது எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் ஊற்றுங்கள். பொன்னழகு படியிறங்கி கேட்டுக்கு ஓடினாள் என்று மட்டும் எழுத வேண்டாம். மூன்று பிரதியில் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் அவள் பாதிப் படியில் நின்று, சகாயராணி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கிறாள்.