வீட்டுப் பாத்தி

குமுதா டீச்சர் பையைத் திருப்பிக் கொண்டுவந்து பம்ப் கொட்டகை வாசலில் வைத்தபோது நான் கீரைக் கட்டுகளுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிகூட ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அந்தப் பையை நிரப்பிக் கொடுத்திருந்தேன். கீரை அப்படியே உள்ளே இருந்தது. கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றார் டீச்சர். "சமைக்கிற ஆன்டி இதத் தொட மாட்டேன்னுட்டாங்க. எல்லா இலையிலயும் ஓட்டை. ஒரு பிள்ளையோட அம்மா வேற பாத்துட்டு, பூச்சி தின்ன மிச்சமா எங்க பிள்ளைக்குன்னு கேட்டுட்டாங்க. லோரிக்கு ஏத்துறீங்களே, அந்தக் கீரையில குடுங்கக்கா. அது எவ்ளோ அழகா இருக்கு."

அழகாகத்தான் இருந்தது. காப்பார் ரோட்டோரத்திலிருந்து கரண்டுக் கம்பத்தின் கால்வரைக்கும் எட்டுப் பாத்தி, இலை இலையாகத் துடைத்து வைத்த மாதிரி. நான் தலையை மட்டும் ஆட்டினேன். டீச்சர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். பதினோரு மணிக்கு உலை வைத்துவிடுவார்களாம்.

டீச்சர் நடத்துகிற பாலர் பள்ளி பக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கீழே இருக்கிறது. இருபத்தாறு பிள்ளைகள். போன மாதம் ஒரு பூசணிக்காயைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போன அன்று, கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸி வந்து பிள்ளைகளை எடை நிறுத்துக்கொண்டிருந்தார். ஆறு வயசுப் பெண் பிள்ளை ஒன்று தராசில் ஏறி நின்றது. பதினாலு கிலோ. மூணு வயசுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய எடை. மிஸி எழுதிக்கொண்டதைப் பார்த்துவிட்டு அது, "நா பாஸா டீச்சர்?" என்று கேட்டது. டீச்சர் பாஸ் என்றார். அன்றைக்கு ஒன்பது பிள்ளைகள் அப்படி பாஸானார்கள். தாய் தகப்பன் இருவரும் விடியுமுன் வேலைக்குப் போகிற வீடுகள். பிள்ளையின் பையில் ஒரு பாக்கெட் கெரோப்போக் வறுவலும் கலர் தண்ணியும் இருக்கும். மத்தியானம் ஒருவேளை சோறு, ஒரு முட்டை, கொஞ்சம் கீரை போட வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்ததும், கீரை என் பொறுப்பு என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். சொன்னபோது மனசு நிறைந்திருந்தது. பொய் இல்லை.

எங்கள் தோட்டத்தில் கீரை இரண்டு விதம். முன்னால் இருக்கிற எட்டுப் பாத்தி லோரிக்கு. பின்னால், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டில் அளவுக்கு ஒரு பாத்தி. அதை வீட்டுப் பாத்தி என்போம். அதற்கு மருந்து கிடையாது. சாம்பலும் வேப்பெண்ணெயும்தான். பூச்சிக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. டீச்சரின் பைக்குப் போனது அதில் பறித்ததுதான். இந்தப் பக்கம் கரண்டுக் கம்பிக்குக் கீழே காய்கறி போடுகிற எல்லார் நிலத்திலும் இப்படி ஒரு மூலை உண்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, யாரும் வெளியே சொல்வதுமில்லை. முன்பாத்திக்கு என் வீட்டுக்காரர் ரெங்கசாமி திங்கட்கிழமை சாயங்காலம் மருந்தடித்திருந்தார். டப்பாவில் ஏழு நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. லோரி புதன்கிழமை வரும். இன்றைக்குப் புதன்.

நாங்களும் ஏழு நாள் பொறுத்துப் பார்க்காதவர்கள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பொறுத்தோம். நாலாம் நாளே புழு ஏறி இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. சரக்கு எடுக்க வருகிற முதலாளி, லோரிக்காரத் தவுக்கே, ஒரு கட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே வைத்துவிட்டு லோரியை எடுத்தான். மொத்தமும் பக்கத்துக் கொட்டகை ஆடுகளுக்குப் போனது. ஆடுகள் நன்றாகத்தான் தின்றன. மனுஷனுக்குத்தான் ஓட்டையைக் கண்டால் ஆகாது. அதற்குப் பிறகு ஏழு நாள் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"கேக்கிறதக் குடுத்துட்டுப் போயேன். நல்லாக் கழுவித் திங்கச் சொல்லு. கிள்ளான்ல பாதிப் பேரு நம்ம கீரையத்தான் திங்கிறான். யாருக்கு என்னா ஆச்சு?"

"சின்னப் பிள்ளைங்க."

"லோரியில போறத சின்னப் பிள்ளைங்க திங்கலயா?"

அவர் கெட்டவர் இல்லை. மருந்தடிக்கிற அன்று முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார், திரும்பி வந்து கழுத்தெல்லாம் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அவருக்கு மூட்டை தூக்கி முதுகு போய்விட்டது. வேறு வேலைக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னோடே தங்கிவிட்டது. அவர் என் வாயை அடைக்கத்தான் அதைக் கேட்டார். எனக்கு அது உள்ளே எதையோ திறந்துவிட்டது.

ரோட்டோரத்தில் கார் நிறுத்திக் கீரை வாங்குகிறவர்கள் நல்ல கீரையா என்று கேட்பார்கள். "நாங்களும் இதத்தான் சாப்பிடுறோம்" என்பேன். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன் என்று கணக்கில்லை. வாங்க, உட்காருங்க என்று சொல்வதுபோல வாயில் தானாக வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்கு அத்துப்படி. டீச்சரிடமும் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

பத்து மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. நான் வீட்டுப் பாத்தியை ஒட்ட அறுத்து வைத்திருந்தேன். அந்த வாரத்துக்கு எங்களுக்கு என்று விட்டிருந்ததும் அதில் சேர்த்தி. டீச்சர் பைக்குள் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"இதுலயும் ஓட்டைதானேக்கா."

"முன்னால இருக்கிறதுக்கு முந்தாநாள்தான் மருந்தடிச்சிருக்கு டீச்சர்."

"மருந்து எல்லாரும் அடிக்கிறதுதானே. மூணு தண்ணி ஊத்திக் கழுவிடுவோம் லா."

மருந்து என்றுதான் நாங்கள் சொல்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கீரைக்கு அடிப்பதும் மருந்து. கிள்ளானில் நாங்கள் வாங்குகிற கடைக்காரர் மலாய்க்காரர். அவர் அப்படிச் சொல்ல மாட்டார். உள்ளதைச் சொல்வார்.

"ராச்சுன், டீச்சர்," என்றேன். "ஏழு நாளாவது ஆவணும். இன்னிக்கு ரெண்டாவது நாளு. கழுவினாப் போவாது."

விஷம் என்பதற்கான மலாய்ச் சொல்லைப் பாலர் பள்ளி டீச்சருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் பையை ஸ்கூட்டரில் மாட்டினார். கொக்கியைச் சரியாகப் போட்டார். பிறகு முன்பாத்திகளை, கம்பத்தின் கால்வரைக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நா மூணு வருஷமா எங்க வீட்டுக்கு வாங்கிட்டுப் போறது எந்தப் பாத்தியிலக்கா?"

தலைக்கு மேலே கம்பி இரைந்துகொண்டிருந்தது. அவர் வண்டியை எடுத்தார். "பொடிசா நறுக்கிப் போட்டா ஓட்டை தெரியாது," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வர இரண்டு மணியாகிவிட்டது. சோறு வடித்து ரசம் வைத்திருந்தேன். கீரை வேண்டும் அவருக்கு, கீரை இல்லாத சோறு அவருக்குச் சோறில்லை. முன்பாத்திக்குப் போய் இரண்டு கட்டுப் பறித்து வந்தேன். மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நறுக்கவில்லை. பூண்டும் காய்ந்த மிளகாயும் தட்டிப் போட்டு இலையை முழுசாகவே வதக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், கோபம்தான். அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டு கீரைக்குக் கையை நீட்டினார். கை நின்றது. ஓர் இலையை விரலால் விரித்துப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கீரை போடுகிறவருக்கு எந்த இலை எங்கே முளைத்தது என்று தெரியும்.

"எதுல பறிச்ச?"

"முன்னால. வீட்டுக் கீரை பிள்ளைங்களுக்குப் போயிருச்சு."

அவர் அந்த இலையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நல்லாக் கழுவிட்டேன்," என்றேன்.

என் தட்டிலும் அதே அளவு போட்டுக்கொண்டேன். வெளியே லோரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மழை வருகிறதென்று சீக்கிரமே வந்துவிட்டான் போலிருக்கிறது. ஒரு தடவை ஹார்ன் அடித்தான். அவர் எழுந்திருக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. நான் கீரையைச் சோற்றோடு சேர்த்து உருட்டி வாய்க்குக் கொண்டு போனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். முதுகு போன மனுஷன் என்று சொல்ல முடியாத பிடி. அவர் கையிலிருந்த ரசச் சோறு என் வளையலில் ஒட்டியது.

"வேணாம் தங்கமணி," என்றார்.

லோரி இரண்டாவது தடவை ஹார்ன் அடித்தது. கொட்டகை நிழலில் நான் காலையில் கட்டி வைத்த அறுபது கட்டும் ஈரச் சாக்குக்குக் கீழே தயாராக இருந்தன. அவர் வாசலைப் பார்த்தார். என் கையை இன்னும் விடவில்லை.