மருமகள் பக்கத்தில் இருந்தால் வராத கோளாறு

என் மருமகளுக்கு உத்தியோகம், பிறர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது. இதற்கு மாதாமாதம் சம்பளமும் தருகிறார்கள் என்று தெரிந்தபோது, கல்யாணமான நாள் முதல் அதே வேலையை இலவசமாகச் செய்துவந்த என் மனைவி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

மருமகளின் கம்பெனி, கணினியில் மின்னஞ்சல் எழுதி அனுப்பும் மென்பொருள் ஒன்றைத் தயாரிக்கிறது. செய்கிறவர்கள் செய்து கொடுப்பார்கள். இவள் அதைத் தட்டி, குத்தி, தலைகீழாகத் தொங்கவிட்டு எங்கே உடைகிறது என்று பார்ப்பாள். பழக்கதோஷம், வீட்டையும் விடமாட்டாள். மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று நான் தேடினால், "கடைசியா எங்க வச்சு வேலை செஞ்சுது மாமா? அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்க?" என்று விசாரணை வைப்பாள். கண்ணாடி என் நெற்றியில்தான் இருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அது அங்கே போன காரணம் தெரிந்தாக வேண்டும்.

புதுப் பதிப்பு வெளியாகும் முன்பே அதை என் கணினியில் போட்டுக் கொடுத்தாள். "வெளியாள் ஒருத்தர் உபயோகிச்சுப் பாக்கணும் மாமா" என்றாள். ஓய்வுபெற்றவனுக்கு இதைவிடப் பெரிய பதவி உண்டா? அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். முக்கால்வாசிக் கடிதங்கள் என் மைத்துனனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு.

ஒரு நாள் அவன் போன் செய்தான்.

"அத்தான், உங்க மெயில் வந்துது. திறந்தா வெள்ளையா இருக்கு. ஒரு எழுத்து கிடையாது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். நீங்க இதுவரைக்கும் எழுதினதுலயே இதுதான் அத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

அடுத்த வாரம் இன்னொன்று வெள்ளையாகப் போனது. என்னிடம் இருந்த பிரதியும் வெள்ளை. பல் வைத்தியருக்கு எழுதியது முழுசாகப் போனது. மின்சார அலுவலகத்துக்கு எழுதியதும் வசவுகளோடு போய்ச் சேர்ந்தது. மைத்துனனுக்குப் போனவற்றில் மட்டும், அதிலும் சிலவற்றில் மட்டும், என் இலக்கியம் ஆவியாகிக்கொண்டிருந்தது.

மருமகளிடம் சொன்னேன். புதையல் கிடைத்த மாதிரி அவள் முகம் மலர்ந்தது. உடனே அலுவலகத்துக்குத் தெரிவித்தாள். அந்தப் பகுதியை எழுதிய நிரலாளர் ஒருவர் இருக்கிறார். எதைச் சொன்னாலும் "என் மெஷின்ல ஒழுங்கா ஓடுதே" என்பார். எங்கள் வீட்டில் அவருக்கு 'ஓடுதே' என்றே பெயர். அன்றும் அதையே சொல்லிவிட்டு, கூடவே "வயசானவர், எழுத மறந்துட்டு அனுப்பியிருப்பார்" என்றாராம்.

நானா? ஓய்வூதியம் பற்றி நான் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் அந்த அலுவலகத்தில் மூன்று பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்!

மருமகள் என்னை நம்பினாள். வெளியீட்டையே நிறுத்திவைத்தாள். அவளுடைய மேலாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் கோளாறை நடத்திக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் புகாரை மூடிவிட வேண்டும்.

"நடத்திக் காட்ட முடியாட்டி அது பக் இல்ல மாமா, வதந்தி" என்றாள். "அப்புறம் நான் எதை நிறுத்துங்கன்னு சொன்னாலும் சிரிப்பாங்க. என் வேலையே அந்த ஒரு சொல்லுலதான் நிக்குது."

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எழுதினேன்: 'அன்புள்ள மைத்துனனுக்கு, இங்கு அனைவரும் நலம். வெயில் மிதமாக இருக்கிறது.' முழுசாகப் போனது. இன்னொன்று. அதுவும் போனது. வெயில், காற்று, மேகம் என்று வானத்தையே எழுதித் தீர்த்தேன். ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. மைத்துனன்தான் பதறிப்போய் என் மனைவிக்குப் போன் செய்தான்: "அக்கா, அத்தானுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"மாமா, எப்பவும் எழுதற மாதிரி எழுதுங்களேன்."

"எப்பவும் இப்படித்தாம்மா."

"சின்ன மாமாவுக்கு வாரத்துல நாலு தடவை வெயிலைப் பத்தியா?"

"அவனுக்கு அதுல ஒரு ஈடுபாடு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடி நெற்றியில் இருக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

உண்மை இதுதான். மைத்துனனுக்கு நான் எழுதியதெல்லாம் மருமகளைப் பற்றி. வைத்தியர் ஏதோ சொல்லிவிட்டார் என்று என் சர்க்கரை டப்பாவை அவள் ஒளித்துவைத்தது, நான் ஏணி வைத்து அதைக் கண்டுபிடித்தது, மறுநாளே அது வேறு கண்டத்துக்குக் குடிபெயர்ந்தது. என் டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்து "சோதனை" என்று சொல்வது. இப்படி. எழுதிக்கொண்டிருக்கும்போது நடைவழியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். படைபட்டாளம் வருவதுபோல் வரும். உடனே கடிதத்தைத் திரையின் அடிக்கு இறக்கி மறைத்துவிட்டு, பல் வைத்தியரின் பதிலைப் பக்தியோடு படிக்கத் தொடங்குவேன். அவள் என் ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனதும் கடிதத்தை மேலே கொண்டுவந்து, திருப்பிக்கூடப் படிக்காமல், திருடன் மாதிரி அனுப்பிவிடுவேன்.

வியாழக்கிழமை மாலை அவள் சமையலறையில் போனில் பேசுவது காதில் விழுந்தது. "இல்ல சார், வரலை. நாளைக்கு மூடிடுங்க." எதிலும் வாதாடாமல் ஓயாத பெண், அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்போதும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பழைய பாணியில் மைத்துனனுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம். கை தானாகக் கடிதத்தை இறக்கியது. வந்தாள், ஜன்னலோரம் வெறுமனே நின்றாள், போனாள். கடிதத்தை ஏற்றினேன், அனுப்பினேன். மைத்துனன் கூப்பிட்டான். "வெள்ளை, அத்தான்! நீங்க குணமாயிட்டீங்க!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் நான் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஒளிக்காவிட்டால் கோளாறு வராது. சொல்லிவிட்டால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் சொல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று யுகங்கள் தவித்தேன். டீ இன்னும் ஆறவில்லை.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வா. கோவிச்சுக்காதே."

சொன்னேன். அவளைப் பற்றி என்னவெல்லாம் எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்தாள்.

"சத்தம் எந்த இடத்துக்கு வந்ததும் கை போகும்?"

"என்னது?"

"நான் கதவுகிட்ட வரும்போதா, இல்ல அலமாரியைத் தாண்டும்போதா? சரியாச் சொல்லுங்க மாமா."

"நீ கோவமா இல்லையா?"

"அது அப்புறம். இப்போ என்னைத் திட்டி எழுதுங்க. நான் போய் நடந்து வரேன்."

எழுதினேன். அவள் நடந்து வந்தாள். போனது, முழுசாக. மறுபடி நடந்தாள். மறுபடி முழுசு. "சீக்கிரமாப் போயிடறேனோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, இந்த முறை ஒவ்வொரு செடிக்கும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள். வெள்ளை!

கூவிவிட்டாள். அந்தக் கூவலுக்கு என் மனைவி சமையலறையில் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

விஷயம் இதுதான் என்று எனக்கு விளக்கினாள். எழுதுவதை மென்பொருள் அவ்வப்போது தானாகச் சேமித்து வைக்குமாம். கடிதம் மறைந்திருக்கும் நேரத்தில் அந்தச் சேமிப்பு வந்தால் வெறும் தாளைச் சேமித்துவிடும். திரும்ப ஏற்றியபின் ஓர் எழுத்து தட்டினாலும் பிழைத்துக்கொள்ளும். எதையும் தொடாமல் அனுப்பினால் போயிற்று. "யாருமே அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு கமாவாவது திருத்துவாங்க மாமா. உங்களை மாதிரி பயந்துட்டு அனுப்பறவங்களுக்குத்தான் வரும்."

வெள்ளிக்கிழமை காலை ஓடுதேயைப் போனில் பிடித்தாள். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.

"என் மெஷின்ல ஒழுங்கா..."

"யாரு வந்தா நீங்க கடிதத்தை மறைப்பீங்களோ, அவங்களைப் பத்தி எனக்கு ஒரு மெயில் எழுதுங்க அண்ணா. அவங்க வரும்போது இறக்குங்க. போனதும் அப்படியே அனுப்புங்க."

"எனக்கு யாரும்மா பயம்?" என்றார். தட்டச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் சட்டென்று நின்றது. தூரத்தில் மேலாளர் யாரிடமோ பேசிக்கொண்டே வருவதும், நெடுநேரம் அங்கேயே நிற்பதும், போவதும் கேட்டன. மருமகளின் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தது. பால்போல் வெள்ளை.

"வந்துருச்சு" என்றார் ஓடுதே, ரொம்ப மெதுவாக. "நல்ல வேளை, வெள்ளையா வந்துது."

மேலாளரே வெளியீட்டைத் தள்ளிவைத்தார். மருமகளைப் பாராட்டி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சலும் அனுப்பினார். திருத்திய பதிப்பு வந்தது. இனி ஒரு சோதனைதான் பாக்கி: அதே ஆள், அதே மைத்துனன், அதே நடை.

"பழைய நீளம் வேணும் மாமா. கம்மியா எழுதினா கணக்கில்ல."

எங்கே போவேன்? கோளாறு பிடிபட்ட சந்தோஷத்தில் அவள் சர்க்கரை டப்பாவை என் மேஜைக்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். இரண்டு பத்தி பொய்யாகத் திட்டினேன். அதற்குமேல் சரக்கு இல்லை. நீளம் வேண்டுமே என்று வேறு ஆளிடம் தாவினேன். அவள் நடந்து வந்தாள், தண்ணீர் ஊற்றினாள், போனாள். அனுப்பினேன்.

மைத்துனன் கூப்பிட்டான். "ஐயோ, முழுசா வந்துருச்சு அத்தான்."

"படிச்சுக் காட்டுங்க சின்ன மாமா" என்று மருமகள் ஒலிபெருக்கியை அழுத்தினாள். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள்.

அவன் படித்தான். இரண்டாவது பத்தி முடிந்ததும், "போதும்டா, அதான் வந்துருச்சே" என்றேன்.

"கடைசி வரி வரைக்கும் வேணும் மாமா. பாதியில வெட்டுதான்னு பாக்கணும்."

"'உன் அக்கா விடும் குறட்டையில்'" என்று மைத்துனன் அனுபவித்துப் படித்தான், "'தெருவில் நிறுத்தியிருக்கும் கார்களெல்லாம் அலறத் தொடங்குகின்றன. கொலுவீற்றிருக்கும் மகாராணிக்கோ எதுவும் கேட்பதில்லை. இப்படிக்கு, அன்புள்ள அத்தான்.' அவ்வளவுதான்."

"ஒரு எழுத்து விடலை" என்று மருமகள் மலர்ந்துபோய்ப் புகாரை மூடினாள்.

என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் இன்னொரு தரம் படி" என்றாள். "எனக்குத்தான் எதுவும் கேக்காதே."