ஆகோரில் நிற்கும் பேருந்து

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஒரு வேதாகம அகராதியின் ஊர்ப்பெயர்ப் பகுதிக்குப் பிழை திருத்தும் வேலை எனக்கு வந்திருந்தது. வீட்டில் செய்தால் தூக்கம் வருகிறது என்று, காலைப் பேருந்தின் முன்னிருக்கையில் மடியில் தாள்களைப் பரப்பிக்கொண்டு செய்வேன். 'ஆகோர்' என்ற பெயருக்கு வந்த அன்று, வண்டி வழக்கம்போல நிறுத்தமே இல்லாத ஒரு வளைவில் நின்றது. நான் திருடியது அந்த வளைவைத்தான். அதன் சொந்தக்காரர் எனக்கு இரண்டடி முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

(வண்டி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். மீதியில் பாதி அக்கம்பக்கத்து இருக்கைகளில் கேட்டது, பாதி என் சரக்கு.)

ஆகோர் என்றால் கலக்கம். இஸ்ரவேலரை நடத்திச் சென்ற யோசுவாவின் கூட்டத்தில் ஒருவன் தொடக்கூடாத பொருளை எடுத்துக் கூடாரத்தில் புதைத்து வைத்தான். அதனால் போரில் முப்பத்தாறு பேர் செத்தார்கள். அவனையும் அவன் வீட்டாரையும் ஒரு பள்ளத்தாக்கில் கல்லெறிந்து கொன்று, மேலே கற்குவியல் எழுப்பி, இடத்துக்குக் கலக்கம் என்றே பெயர் வைத்தார்கள். பிறகு அந்தப் பெயர் ஓர் எல்லைப் பட்டியலில் சும்மா எட்டிப் பார்க்கிறது.

2

முதல் ஆரம்பம்: "மழை கொட்டிக்கொண்டிருந்தது. விதி அந்த வளைவில் காத்துக்"

(விட்டுவிட்டேன். விதி என்று எழுதினால் ஓட்டுநருக்குப் பொறுப்பு குறைந்துவிடும். அவரே அப்படி ஒருநாளும் சொன்னதில்லையாம்.)

இரண்டாவது ஆரம்பம்தான் நின்றது. பணிமனையில் அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். சாப்பாட்டிலும் அவசரம், சண்டையிலும் அவசரம். பத்தொன்பது வருடங்களுக்கு முன், நாலு நிமிடத் தாமதத்தை ஈடுகட்டப் போய், ஈரச் சாலையில் வண்டி வழுக்கி வளைவுச் சுவரில் மோதியது. முன்னிருக்கையில் இருந்த ஒரு தையல்காரி இறந்துபோனார். விசாரணை, தண்டனை என்று இரண்டு வருடம் அவர் வண்டியைத் தொடவில்லை. அதற்குள் ஊர் அந்த இடத்துக்கு 'அவசரம் வளைவு' என்று பெயர் வைத்துவிட்டது.

திரும்பி வந்தவருக்கு அதே தடத்தைக் கொடுத்தார்கள். முதல் நாள் வளைவில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. இறங்க ஆளில்லை, ஏற ஆளில்லை. கதவைத் திறந்தார், கொஞ்சம் பொறுத்தார், மூடினார். அன்றைய நடத்துநர் இவருக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தார். மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும்.

ஒரு வாரத்தில், வளைவுக்குப் பின்னால் இருந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தி ஓடிவந்து ஏறினாள். அதுவரை அவர்கள் எல்லோரும் அடுத்த நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் நர்ஸுகள், நோயாளிகள். யாரோ ஒரு பழைய பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள்.

3

இந்த இடத்தில் அகராதித் தாளை மறுபடி எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் நூலில் கடவுள் சொல்கிறார்: அந்த ஆகோர் பள்ளத்தாக்கையே நம்பிக்கையின் வாசலாகத் தருவேன். ஏசாயாவில் அது மாடுகள் படுத்து இளைப்பாறும் இடமாகிறது.

என்னை அசத்தியது என்னவென்றால், பெயரை மாற்றவில்லை. நானாக இருந்தால் முதல் வேலையாகப் பலகையைத்தான் மாற்றியிருப்பேன். கலக்கம் கலக்கமாகவே இருக்கிறது. வாசல் அங்கேதான் திறக்கிறது. இதை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. பேருந்தில் இடமில்லை.

4

இப்போது சிக்கல். வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓட்டுநருக்குப் பணி ஓய்வு. பதினேழு வருடமாக வண்டி நிற்கும் அந்த இடம் கால அட்டவணையில் கிடையாது. புதிய ஓட்டுநர் அட்டவணைப்படி ஓட்டினால் வளைவில் நிற்க மாட்டார்.

பதினொரு வருடமாகக் கூட ஓடும் நடத்துநர் அலைந்து திரிந்து அலுவலகப் படிவம் ஒன்றை வாங்கி வந்தார். புதிய நிறுத்தம், அதன் பெயர், ஓட்டுநர் கையெழுத்து. பெயருக்கு எதிரே 'பூங்கா நகர்' என்று அவரே நிரப்பியிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பூங்கா இல்லை.

"இனிமே உங்க பேரு அங்க வேண்டாம்ணே. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

தினமும் எட்டு நடை, எட்டு முறையும் யாராவது "அவசரம் வளைவு ஒண்ணு" என்று சீட்டு கேட்பார்கள். அந்தப் பெயர் காதில் விழாமல் இருந்தால் போதும் என்று ஓட்டுநர் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார். பேனாவை வாங்கினார். பிறகு, ஒரு ஆளைக் கேட்க வேண்டும் என்றார்.

அந்த ஆள் தையல்காரியின் தங்கை. சலவைக்கூடத்தில் இரவு வேலை. ஆறு வருடமாகக் காலையில் வீட்டுக்குப் போக அங்கேதான் ஏறுகிறார். ஓட்டுநர் பக்கம் திரும்பியதே இல்லை.

5

"தங்கை கண்ணீருடன், 'உங்களை எப்பவோ மன்னிச்சுட்டேன்' என்று"

(அடித்துவிட்டேன். ஆறு வருடம் பேசாத வாய், எனக்குக் கதை முடிய வேண்டும் என்பதற்காகப் பேசாது.)

வியாழன் காலை ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து வளைவில் இறங்கினார். இத்தனை வருடத்தில் அந்த மண்ணில் கால் வைத்தது அன்றுதான். படிவத்தை நீட்டி, விஷயத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"பூங்கா நகர்னு போட்டா எங்க அக்கா எங்க செத்தான்னு யாருக்குத் தெரியும்? பேரு இருக்கட்டும்."

ஓட்டுநர் தலையாட்டினார்.

"ஆனா வண்டி நிக்கணும். எனக்கு மூட்டு வலி. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் என்னால நடக்க முடியாது."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் படிவத்தைப் பேருந்தின் பக்கவாட்டில் வைத்து, 'பூங்கா நகர்' என்பதை அடித்து, தன் கைப்பட 'அவசரம் வளைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். (பார்த்தேனா? பார்த்ததாகவே வைத்துக்கொள்கிறேன். இந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.)

அன்று வண்டி நாலு நிமிடம் தாமதம். அவர் அதை ஈடுகட்டவில்லை.

6

முடிவு ஒன்று: அலுவலகம் உடனே ஒப்புக்கொண்டு பலகை நடுகிறது. (அலுவலகங்களை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.) முடிவு இரண்டு: படிவம் தொலைகிறது, தங்கை மழையில் நனைந்தபடி

வேண்டாம். பலகை வர இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அட்டவணைதான் சட்டம். திங்கட்கிழமை வரப்போகும் புதிய ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த ஓட்டுநர் இருக்கையில் நீங்களே உட்காருங்கள்.

இருக்கை கொஞ்சம் உயரமாக இருக்கும், பழையவர் குள்ளம். கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளுங்கள். வளைவு வருகிறது. பலகை இல்லை, அட்டவணையில் இல்லை, வண்டி ஏற்கெனவே நாலு நிமிடம் பின்தங்கியிருக்கிறது. பெஞ்சிலிருந்து ஒரு பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். அவர் கை காட்ட மாட்டார்.

கதவுப் பொத்தான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.