மதியத்தில் இறுகிய கதவு

எனக்குச் சந்தேகம் வந்தால் வந்ததுதான், சோறு இறங்காது. என் மனைவியே அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் நானும் டெல்மரும் ஒரே ஷெட்டைப் பாதிப்பாதியாக வைத்திருந்தோம். பதினேழு வருடப் பழக்கம். ஒரு பண்ணை ஏலத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருடத்துக் கார்க்கூடு ஒன்றின் மேல் இருவருமே கண் வைத்தோம். எனக்குக் கிடைத்தது. "சந்தோஷம்டா" என்றான் டெல்மர். அந்தச் சந்தோஷத்தை நான் அன்றே நம்பவில்லை.

கூட்டின் தகரத்துக்குள் முழுக்க மரச்சட்டம். மக்கிப்போனதைக் கழற்றிவிட்டுப் புது மரம் போட்டேன். கதவு பொருந்தும்வரை மரத்தில் வார்னிஷ் தொடக்கூடாது என்பது என் வழக்கம். எப்படியும் செதுக்கத்தானே வேண்டியிருக்கும்! ஆகஸ்டு முதல் சனிக்கிழமை ஹாட் ராட் கண்காட்சி, பழைய கார்களைப் புதுப்பித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். டெல்மரின் வண்டியும் அதில் நிற்கும்.

திங்கட்கிழமை கதவைத் தொங்கவிட்டு, கூட்டுக்கு அடியில் தகட்டுத் துண்டுகளைச் செருகி, சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி வைத்தேன். விரலால் தள்ளினாலே சாத்திக்கொண்டது. புதன்கிழமை மதியம் வீட்டில் சாப்பிட்டுக் குட்டித் தூக்கம் போட்டுத் திரும்பினால், கதவு அதன் மரத்தூணில் இடித்தது. தகட்டை மாற்றினேன். வியாழன் மதியம் மறுபடி இடித்தது.

மதியத்தில் ஷெட்டில் இருப்பவன் டெல்மர் ஒருவன்தான். குனிந்து பார்த்தேன். என் வண்டியைச் சுற்றித் தூசியில் அவன் பூட்ஸ் தடம்.

"என் பக்கம் வந்தியா?"

"சுத்தியல் எடுக்க வந்தேன். ஏன்டா?"

"ஒண்ணுமில்ல."

முகம் பார்த்தா பேசினான்? தரையைப் பார்த்துப் பேசினான். எனக்கு அது போதும். வெள்ளிக்கிழமை ஆத்திரத்தில் இழைப்புளியை எடுத்துக் கதவுத் தூணைச் சரசரவென்று இழைத்தேன். நேராகக் காபிக்கடைக்குப் போனேன். டெல்மரைச் சுற்றி எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் இருந்தார்கள்.

"ஏலத்துல கெடைக்காத வயித்தெரிச்சலை என் கதவுல காட்டுறியாடா? திருட்டுப்பயலே!"

டெல்மர் கோப்பையைக் கீழே வைத்தான். மாலைக்குள் தன் வண்டியையும் கருவிகளையும் ஏர் கூலரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். குற்றமுள்ளவன்தான் ஓடுவான் என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை கதவைச் சாத்தினால், இடுக்கில் பென்சில் நுழைந்தது. இப்போது தொட யார் இருக்கிறார்கள்? ஷெட் அடுப்பாகக் கொதித்தது. மதியம் திரும்பும்போதெல்லாம் என் பக்கம் ஜில்லென்று இருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது. துடைப்பம் தொடாத அந்தத் தரையில் பூட்ஸ் தடத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். பக்கத்திலேயே கூலரின் சக்கரத் தடம் இரண்டு கோடாக அவன் பக்கத்திலிருந்து என் கதவுவரை வந்து திரும்பியிருந்தது. கூலரின் ஈரக்காற்றில் வார்னிஷ் பூசாத என் மரம் ஊதியிருக்கிறது. இப்போது காய்ந்து சுருங்கிவிட்டது. அடப்பாவி நானே!

வண்டியை எடுத்துக்கொண்டு டெல்மர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்று உளறிக்கொட்டினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஜூன்ல வெக்கை தாங்காம வண்டிக்கடியில மயங்கிக் கெடந்தியே, ஞாபகமிருக்கா?" என்றான். "நான்தான இழுத்து வெளிய போட்டேன். போன வாரம் வெயில் ஏறவும், நீ வர்றதுக்குள்ள உன் பக்கம் குளுந்திருக்கட்டும்னு கூலரைத் தள்ளி வெச்சேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா, கெழவனாக்குறியான்னு சண்டைக்கு வருவ. சுத்தியல்னு சொன்னேன்."

"மன்னிச்சுக்கடா. ஷெட்டுக்கு வா."

"தூணை எவ்வளவு இழைச்ச?"

"பென்சில் நுழையுது."

"அதுக்கு மரத்துண்டு வெச்சு ஒட்டிக்கலாம், ஹோய்ட். கஷ்டமில்ல." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். "எட்டுப் பேரு முன்னாடி திருட்டுப்பயன்னு சொன்ன."

வீட்டுக் கதவை மெதுவாகத்தான் சாத்தினான். உள்ளே கூலர் ஓடும் சத்தம் கேட்டது. நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.