இரண்டாவது பாஸ்வேர்டு

கங்கைகொண்டானில் விடிவதற்குள் எங்கள் விரல்கள் மரத்துப்போகும். வெளியே வேர்த்து ஊற்றும் ஊரில், இயந்திரங்கள் சூடாகக் கூடாதென்று நாங்கள் நைட் ஷிப்ட் பார்க்கும் கம்ப்யூட்டர் கூடத்தை வருஷம் முழுக்க மார்கழியாக வைத்திருந்தார் முதலாளி. மனுஷர்கள் விறைத்துப்போனால் அவருக்கென்ன? பழுதான டிஸ்குகளை உருவிப் புதியவற்றைச் செருகி, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, ஊரிலுள்ள கம்பெனிகளின் கோப்புகளுக்கு பேக்கப் எடுத்துவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. இருவர் வேலையை ஒருவர் தலையில் கட்டிய பிறகு கண்ணெரிச்சலும் கூடவே வந்துவிட்டது.

பேக்கப்பைச் சேர்த்துவைக்கும் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. நேற்று எடுத்த பேக்கப்பில் இருப்பதை இன்று திரும்ப எழுதாது. ஒரே துண்டை வைத்துக்கொண்டு எல்லா நாளையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடும். ஒரு நாளை அழித்தாலும் மற்ற நாட்கள் பிடித்திருக்கும்வரை அந்தத் துண்டு போகாது.

தாணுமாலையன் விழுந்த காட்சி அப்படித்தான் போகாமல் கிடந்தது. பேட்டரி அறையில் ஒயர் மாற்ற வந்த எலக்ட்ரீசியன் அவர். கரண்டை நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டார். முதலாளி கோமதிசங்கர் கையை வீசி உள்ளே போகச் சொன்னார். இப்போது தாணுமாலையன் இரண்டு கைகளும் கருகி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். குடித்துவிட்டுத் தானாக நுழைந்தாரென்று போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. கேமராவில் இருந்ததையும் துடைத்தாயிற்று. மிச்சமிருந்தது எங்கள் பெட்டியில்தான்.

அன்று விடியற்காலை, நெற்றியில் திருச்செந்தூர் விபூதியோடு முதலாளியே வந்து நின்றார்.

"ஏலே கிங்ஸ்லி, கேமரா பேக்கப் அத்தனையும் அழிச்சிரு. மத்தியானம் லேபர் ஆபீசர் வாராரு."

"எல்லா நாள் பேக்கப்பும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கெடக்கு அண்ணாச்சி."

"பூட்டைத் தொறலே. ஒனக்கு ரெண்டாவது பிள்ளை பொறந்திருக்காம்லா. வேலை வேணுமா, வேண்டாமா?"

கிங்ஸ்லி உவரிக்காரன். கடலுக்குப் போகாமல் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள், அவன் வீட்டில். எங்கள் முகத்தைப் பார்க்காமல் கட்டளையை அடித்தான், தன் பாஸ்வேர்டையும் கொடுத்தான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. கைக்குழந்தையை நினைத்ததும் அது அடங்கிப்போனது.

ஆனால் பூட்டைத் திறக்க ஒருவர் போதாது. இரண்டாவது பாஸ்வேர்டைத் திரை கேட்டது. அது எங்கள் ஷிப்டிலிருந்த வண்ணார்பேட்டை ப்ரீதா அக்காவிடம் இருந்தது.

"அடிம்மா."

"மாட்டேன் அண்ணாச்சி."

"நீ இல்லாட்டி என்ன? சென்னையில இருந்து பிளைட்டுல ஆளைக் கூட்டியாந்து பூட்டை உடைச்சு முடிப்பேன்."

"கூட்டிட்டு வாங்க. நாளைக்கு அந்தாளு கை கருகினா, அதையும் அழிக்கச் சொல்லுவிய."

முதலாளி முகம் கறுத்தது. "யாசருட்ட பாஸ்வேர்டைச் சொல்லிட்டு வெளிய போ."

யாசர் நான்தான். "என்ட்ட சொல்லாதிய அக்கா," என்றேன்.

முதலாளி கிங்ஸ்லியின் தோளில் கைவைத்தார். "இவன் ஒருத்தன்தான் தின்ன சோத்துக்கு நன்றி உள்ளவன்."

கிங்ஸ்லி அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே போ என்று வீசிய அதே கை.

"கையை எடுங்க அண்ணாச்சி," என்றான் பைய. பிறகு, அடித்த கட்டளையை அவனே ரத்து செய்தான்.

"மத்தியானத்துக்குள்ள ஒருத்தனும் இங்கன இருக்கப்படாது," என்று சொல்லிவிட்டு, போனில் சென்னையைக் கூப்பிட்டபடியே முதலாளி வெளியேறினார்.

பகல் ஷிப்ட் வந்தது. ஃபிளோரா தூக்குவாளியோடு நுழைந்து, "என்ன, யாரும் கெளம்பலியா?" என்றாள். ப்ரீதா அக்கா நடந்ததைச் சொன்னாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஃபிளோரா பெட்டிக்கு முன்னால், சில்லிட்ட தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நாங்களும் வீட்டுக்குப் போகவில்லை.

லேபர் ஆபீசர் வருவாரோ, வழியிலேயே வாய் அடைக்கப்படுவாரோ, யார் கண்டது? வந்தாலும் தாணுமாலையனின் கைகள் திரும்பப்போவதில்லை. ஆனால் எங்களில் ஒருவரை இழுத்துப் போட்டாலும் மற்றவர்கள் அங்கே இருப்போம். ஆபீசர் வந்தால், அந்தக் காட்சி பத்திரமாக இருக்கும்.

கிங்ஸ்லி மட்டும் தலைகுனிந்து கதவோரம் நின்றான்.

"அங்கன என்னலே நிக்கே?" என்று ஃபிளோரா நகர்ந்து இடம் விட்டாள்.