வரைபடத்தில் ஒரு மூக்கு

டெலிபோன் எண்ணில் ஐந்து இலக்கம் ஆறானது, ஆறு ஏழானது, அப்படியும் போதவில்லை. ஊர் அந்த லட்சணத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. ஊரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் புதிய பகுதி எண் கொடுக்க உத்தரவு வந்தது. எங்கே பிரிப்பது என்று வரைந்து கொடுக்க வேண்டியவர் நம் வரைபடக்காரர். டெலிபோன் ஆபீசில் அவரைவிட நேராகக் கோடு போட ஆள் கிடையாது.

ரயில் பாதையை ஒட்டிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் பாதைக்கு இந்தப் பக்கம் அவரும் அம்மாவும். அந்தப் பக்கம் மூன்றாவது தெருவில் அக்கா. தினமும் மத்தியானம் சாப்பாடு ஆனதும் அம்மா போனை எடுத்தால் மணிக்கணக்கில் பேச்சுதான். நடுவில் கோடு விழுந்தால் அது வெளியூர்க் கட்டணம். சிக்கனத்தில் அம்மாவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, பேச்சே நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். கோட்டைப் பாதைக்கு அந்தப் பக்கம் வளைத்து, மூன்று தெருக்களை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா இது, மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு?" என்றார் மறுநாள் ஆபீசில் மேலதிகாரி.

"பழைய கேபிள் அப்படித்தான் போகுது சார்."

"அந்தக் கேபிளைப் போட்டதே நான்தான்யா. யார் வீடு?"

"அக்கா வீடு சார்."

மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

ஊர் இன்னும் பெருத்தது. மூன்றாவது பகுதி எண், நான்காவது எண் என்று வந்து, கடைசியில் பக்கத்து வீட்டுக்குக்கூடப் பத்து இலக்கத்தையும் அழுத்த வேண்டியதாயிற்று. எல்லைக்கோட்டையே எடுத்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை. இப்போது மத்தியானத்தில் அக்கா இவரைத்தான் கூப்பிடுகிறாள். கோடு போன அன்று, மனம் தாங்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்டா," என்றாள் அக்கா. "மேசையிலதானே விரிச்சு வச்சிருந்த? நீ குளிக்கப் போனப்ப அம்மா பார்த்துட்டாங்க."

"ஒரு வார்த்தை சொல்லலையே!"

"எனக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்து ஒரு மாசம் பேசாம இருந்தோம், உனக்குத் தெரியாது. அப்பவும் தினம் டாண்ணு ரெண்டு மணிக்குப் போன் அடிக்கும். 'உன்கிட்டப் பேச எனக்கு ஒண்ணுமில்ல. அவன் வேலை போனாலும் பரவாயில்லன்னு நமக்காக வளைச்சு வச்சிருக்கான்டி, வீணாக்கக் கூடாது'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்."

வெகுநேரம் இருவரும் போனை வைக்கவே இல்லை.